ரூட்டரில் புற இணைப்பையும் மாற்று இணைப்பையும் அமைத்தல்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறைப்படி ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழைமானி பார்க்கப்படுகிறது. முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையின் அளவு அப்போது குறிக்கப்பட்டு மேலிடத்திற்கு அனுப்பப்படுகிறது. வானம் தெளிந்திருக்கும் நாளில் இச்செய்தி ஒரு மணி நேரம் தாமதித்துச் சென்றாலும் பெருங்கேடு ஒன்றும் நேர்ந்துவிடாது. ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் நாளிலோ அந்த ஓர் எண்ணுக்காகப் பலர் காத்திருப்பர். மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுபடுவதும், மின்சாரம் நின்றுபோவதும், சாலையோரத்தில் புதைக்கப்பட்ட ஒளியிழை மண் அரிப்பால் சேதமுறுவதும் அதே நாளில்தான். செய்தி மிகவும் தேவைப்படும் பொழுதே தொடர்பு அறுகிறது என்பது களநிலையங்களின் பொது அனுபவம்.

இதற்காகவே பல நிலையங்களும் பள்ளிகளும் இரண்டாவது இணைப்பு ஒன்றைப் பெற்றிருக்கின்றன. அதற்கு மாதந்தோறும் பணமும் செலுத்தப்படுகிறது. ஆயினும் முதல் இணைப்பு செயலற்றுப் போகும் வேளையில் ரூட்டர் வாளாவிருப்பதும், யாரேனும் ஒருவர் வந்து கம்பியை எடுத்து மாற்றிச் செருகும் வரையில் வேலை நின்று கிடப்பதும் அடிக்கடி காணப்படுகின்றன. இரண்டாவது இணைப்பில் பெரும்பாலும் குறை இராது. முதல் இணைப்பு செயலற்றுவிட்டது என்பதை எவ்வாறு அறிவது என்று ரூட்டருக்குச் சொல்லி வைக்கப்படவில்லை, அதுவே குறை. புற இணைப்பை அமைக்கும் முறையை முதலிற் கூறி, இந்தக் குறையைப் போக்கும் வழியைப் பின்னர்ச் சற்று விரிவாகக் காணலாம்.

ரூட்டரின் இரு பக்கங்கள்

ரூட்டர் என்பது இரு வலைகளுக்கு இடையே நிற்கும் வழிப்படுத்தும் கருவியாகும். அதன் பின்புறத்தில் ‘லான்’ என்று குறிக்கப்பட்ட துளைகள் நிலையத்திலுள்ள கணினிகளுக்கும் பதிவுக் கருவிகளுக்கும் உரியவை. இதனை உள்வலை எனலாம். ‘வான்’ என்று குறிக்கப்பட்ட துளை வெளியுலகிற்கு உரியது. இச்சொல் ஆகாயத்தைக் குறிப்பதன்று. விரிந்த பரப்பிலுள்ள வலை என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்தமைந்தது. இதனைப் புறவலை என்று வழங்குவோம்.

உள்வலையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பொதியும் தான் சேரவேண்டிய முகவரியைத் தாங்கி வருகிறது. அம்முகவரி நிலையத்திற்குள்ளேயே இருப்பின் ரூட்டர் அதனை உள்ளேயே சேர்ப்பிக்கிறது. இல்லையேல், ‘இயல்பு வாயில்’ என்று தனக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட அடுத்த கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறது. கிராமத் தபால் நிலையத்தில் உள்ளூர்க் கடிதங்களைத் தனியே பிரித்து, ஏனையவற்றை ஒரே பையிலிட்டுத் தலைமை நிலையத்திற்கு அனுப்புவது போன்றதே இது. அந்தப் பை எந்த வண்டியில் ஏறவேண்டும் என்பதே புற இணைப்பு அமைப்பின் சாரம். வண்டிகள் இரண்டு இருந்தால், எது முதலில், எது பின்னர் என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும்.

புற இணைப்பு தன் முகவரியைப் பெறும் முறை மூன்று வகைப்படும். முதலாவது, சேவை நிறுவனத்தின் கருவி தானாகவே முகவரியை வழங்குவது, இது டி.எச்.சி.பி. எனப்படும். ரூட்டரில் இதனைத் தேர்ந்தெடுத்தாலே போதும், வேறெதனையும் நிரப்ப வேண்டுவதில்லை. இரண்டாவது, நிலையான முகவரி. நிறுவனம் எழுத்து மூலம் கொடுக்கும் முகவரி, வலை மறைப்பு எண், இயல்பு வாயில், டி.என்.எஸ். ஆகிய நான்கையும் பிழையின்றி இடவேண்டும். மூன்றாவது பி.பி.பி.ஓ.ஈ. எனப்படும் முறை. இதில் பயனர் பெயரும் கடவுச் சொல்லும் கொடுத்த பின்னரே இணைப்பு எழும்.

மூன்றாவது முறையில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண ஈத்தர்நெட் பொதி ஒன்று 1500 பைட் வரை சுமக்கும். பி.பி.பி.ஓ.ஈ. தன் தலைப்புக்காக அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் எஞ்சுவது 1492. ரூட்டரில் எம்.டி.யு. என்ற இடத்தில் 1500 என்று நின்றுவிட்டால், சிறு செய்திகள் செல்லும். பெரிய கோப்புகள் பாதியில் திணறும். சில இணையப் பக்கங்கள் திறக்க, வேறு சில திறவாமல் நிற்கும். இவ்வாறு அரைகுறையாக இயங்கும் இணைப்பைக் கண்டால் முதலில் இந்த எண்ணையே பார்த்தல் நலம். ஒளியிழை இணைப்புகள் சிலவற்றில் வி.லான் எண் ஒன்றும் இடவேண்டியிருக்கும். அந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், இணைப்புக் கொடுக்க வரும் பணியாளரிடமிருந்தே அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் சென்ற பிறகு தொலைபேசியில் கேட்டுப் பெறுவது எளிதன்று.

முகவரிகள் மோதுதல்

இரண்டு இணைப்புகளை ஒரே ரூட்டரில் சேர்க்கும்போது முதலில் எதிர்ப்படும் இடையூறு இதுவே. தொடக்கத்தில் பலரையும் மலைக்க வைப்பதும் இதுவே. வீட்டிலும் அலுவலகத்திலும் வைக்கப்படும் மோடங்கள் பலவும் தொழிற்சாலையிலிருந்தே 192.168.1.1 என்ற முகவரியுடன் வருகின்றன. முதல் இணைப்பின் ஃபைபர் மோடத்திற்கும் அதே முகவரி, இரண்டாவது இணைப்பின் சிம் மோடத்திற்கும் அதே முகவரி, ரூட்டரின் உள்வலைக்கும் அதே முகவரி என்றால், ஒரே தெருவில் ஒரே கதவிலக்கம் கொண்ட மூன்று வீடுகள் இருப்பதற்கு ஒப்பாகும். எப்பக்கம் அனுப்புவது என்று ரூட்டரால் முடிவு செய்ய இயலாது. சில ரூட்டர்கள் எச்சரிக்கை காட்டி மறுத்துவிடும். வேறு சில ஏற்றுக்கொண்டு, பின்னர் விளங்காத முறையில் நடந்துகொள்ளும்.

பரிகாரம் எளிது. மூன்று பக்கங்களுக்கும் மூன்று வெவ்வேறு தொகுதிகளை ஒதுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஃபைபர் மோடத்தின் பக்கம் 192.168.1 என்று தொடங்கட்டும். சிம் மோடத்தின் பக்கத்தை 192.168.2 என்று மாற்றலாம், உள்வலைக்கு 192.168.10 என்று வைக்கலாம். இவை யாவும் தனிப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகளே. 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை உள்ளனவும், 192.168 என்று தொடங்குவனவும் அவ்வகையைச் சேரும். இவற்றை எந்த நிலையமும் தன் விருப்பப்படி எடுத்தாளலாம். இம்மாற்றத்தை மாற்று இணைப்பைச் செருகுவதற்கு முன்பே, மோடத்தைத் தனியே ஒரு கணினியுடன் இணைத்துச் செய்துவிடுதல் வேண்டும்.

எதனை மாற்றாகக் கொள்வது

ஒரே காரணத்தால் ஒருங்கே வீழ்ந்துவிடும் இரண்டு இணைப்புகள் உண்மையில் ஓர் இணைப்பே. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகருக்கு அண்மையில் மத்தியதரைக் கடலடியில் சென்ற இரண்டு தொலைத்தொடர்பு வடங்கள் சேதமுற்றன. அவை இரண்டும் வெவ்வேறு உரிமையாளர்களைச் சேர்ந்தவை. ஆனால் அந்தக் கடற்பகுதியில் அவற்றின் வழி அண்மையிலேயே அமைந்திருந்தது. இதனால் மேற்காசிய நாடுகளிலும் இந்தியாவிலும் இணையம் சில நாட்கள் வரை தளர்வுற்றது. ஒன்றுக்கு ஒன்று மாற்றென எண்ணப்பட்டவை சேர்ந்தே வீழ்ந்தன.

கடலுக்கு அடியில் நிகழ்ந்ததே தெருவோரத்திலும் நிகழும். இரு வேறு நிறுவனங்களின் ஒளியிழைகள் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டிருப்பதை எந்த ஊரிலும் காணலாம். ஒரு லாரி அக்கம்பத்தில் மோதினால் இரண்டும் போகும். ஆகையால் முதல் இணைப்பு தரைவழிச் செல்வதாயின் இரண்டாவது காற்றுவழிச் செல்வது தக்கது. செல்பேசிச் சிம் பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது. கடற்கரை நிலையங்களுக்கு அதுவும் போதாமற் போகக்கூடும்: 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஃபானி புயல் ஒடிசாவில் பூரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் பெரும்பரப்பில் சேர்ந்தே செயலிழந்தன. இத்தகைய இடங்களில் செயற்கைக்கோள் வழி இணைப்பையே கடைசித் துணையாகக் கொள்ளவேண்டும். அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் அத்தீவுகள் பெரிதும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன.

மின்சாரத்தையும் இங்கேயே கருத வேண்டும். ஃபைபர் மோடம், சிம் மோடம், ரூட்டர் ஆகிய மூன்றும் ஒரே சுவர்த் துளையிலிருந்து மின்சாரம் பெறுமாயின், அத்துளை போனதும் இரு இணைப்புகளும் போயின. மூன்றும் சேர்ந்து 20 வாட் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறு மின்கலம் ஒன்று கணக்குப்படி 84 வாட்-மணி தரும். அதாவது 4 மணி நேரத்திற்குச் சற்று மேல். ஈய-அமில மின்கலத்தை முழுதும் வற்றவிடலாகாது. மாற்றுகருவியிலும் இழப்பு உண்டு. ஆகவே இதில் பாதியை, அதாவது 2 மணி நேரத்தையே உறுதியாகக் கொள்ளலாம். இரவு முழுவதும் மின்சாரம் நின்றுபோகும் இடத்தில் இதைக் காட்டிலும் பெரிய மின்கலம் தேவைப்படும் என்பது இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

முன்னுரிமை குறித்தல்

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டாவது புற இணைப்பைச் சேர்த்ததும், இரண்டையும் பயன்படுத்தும் முறை எது என்று அது கேட்கும். சுமையைப் பகிர்தல் ஒரு முறை. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று ஏற்றல் மற்றொரு முறை. களநிலையங்களுக்குப் பின்னதே ஏற்றது. பகிர்ந்தால் வேகம் கூடுமென்ற எண்ணத்தில் முன்னதைத் தேர்ந்தெடுப்பவர் உண்டு. சிம்மின் மாதாந்திர அளவு சில நாட்களிலேயே தீர்ந்துபோக, தேவையான பொழுது அது வெறுமையாக நிற்பதைத்தான் அவர் காண்பார். முன்னுரிமை பெரும்பாலும் ‘மெட்ரிக்’ என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. குறைந்த எண் உடையதே முதலிற் கொள்ளப்படும். முதல் இணைப்புக்கு 10, மாற்றுக்கு 20 என்று இடலாம். இரண்டுக்கும் ஒரே எண்ணை இடுதல் கூடாது.

சிம் வழி இணைப்பில் ஏ.பி.என். எனப்படும் வாயிற்பெயர் ஒன்று உண்டு. நிறுவனத்துக்கேற்ப அது வேறுபடும். பல மோடங்கள் சிம்மைப் பார்த்துத் தாமே அப்பெயரை இட்டுக்கொள்ளும்; இணைப்பு எழாவிட்டால் மட்டும் கையால் இடவேண்டும். சிம்மின் இரகசிய எண் பூட்டு நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. மின்சாரம் நின்று மீளும்போது அவ்வெண்ணை இட நள்ளிரவில் ஆள் இருக்கமாட்டார்.

இணைப்பின் நாடி பார்த்தல்

இதுவரை கூறியவற்றைச் செய்து முடித்தவர், வேலை முடிந்தது என்று கருதுவது இயல்பு. முதல் இணைப்பின் கம்பியை ரூட்டரிலிருந்து பிடுங்கிப் பார்ப்பார். மாற்று இணைப்பு உடனே ஏற்கும். மனநிறைவுடன் மீண்டும் செருகிவிடுவார். ஆனால் அந்தக் குட்டைக் கம்பி இயற்கையில் அறுவது மிக அரிது. அறுவது தெருவில் உள்ள ஒளியிழை. அல்லது பழுதுறுவது நிறுவனத்தின் தொலைதூரக் கருவி.

தெருவில் இழை அறுந்தால் என்ன நிகழ்கிறது என்று நோக்குக. ஃபைபர் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஆயினும் மோடத்திற்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள கம்பி நலமாகவே இருக்கிறது. இரு முனைகளிலும் பச்சை விளக்கு எரிகிறது. மோடம் கொடுத்த முகவரியும் ரூட்டரிடம் அப்படியே இருக்கிறது. ரூட்டரின் பார்வையில் எக்குறையும் இல்லை. ஆதலால் அது பொதிகளை எல்லாம் முதல் இணைப்பின் வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அவை யாவும் மோடத்துடன் முடிந்துபோகும். மாற்று இணைப்பு பக்கத்திலேயே உயிருடன் காத்துக் கிடக்கும். ரூட்டரே நேராகப் பி.பி.பி.ஓ.ஈ. முறையில் உள்நுழைந்திருந்தால் மட்டும் நிலைமை சற்று மேல். அம்முறையில் இரு முனைகளும் அவ்வப்போது ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வதால், இழை அறுந்த சிறிது நேரத்தில் இணைப்பு தானே கலைந்துவிடும். நிறுவனத்தின் கருவிக்கு அப்பால் குறை இருந்தாலோ அதுவும் பயன்படாது.

ஆகவே ரூட்டர் தொலைவிலுள்ள ஒரு கருவியை இடையறாது கூப்பிட்டு, விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குரிய அமைப்பு, கருவிக்கேற்ப நலச் சோதனை, இணைப்புக் கண்காணிப்பு, பிங் சோதனை எனப் பல பெயர்களில் காணப்படும். மிகப் பல ரூட்டர்களில் அது தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்கும், அல்லது அருகிலுள்ள இயல்பு வாயிலையே கூப்பிடுமாறு அமைந்திருக்கும். இயல்பு வாயில் என்பது இங்கே மோடமே. அது எப்போதும் விடை தரும். நோயாளியின் நாடியைப் பாராமல் வாயிற்காவலனின் நாடியைப் பார்ப்பது போன்றதே அது.

கூப்பிட வேண்டிய முகவரிகளைத் தேர்வதில் கவனம் வேண்டும். ஒரே முகவரியை நம்பியிருந்தால், அக்கருவி தன் காரணத்தால் விடை தராத பொழுது, நலமான இணைப்பை ரூட்டர் கைவிட்டுவிடும். வெவ்வேறு நிறுவனங்களுக்குரிய இரண்டு அல்லது மூன்று முகவரிகளை இட்டு, ஏதேனும் ஒன்று விடை தந்தாலும் இணைப்பு நலமே என்று கொள்ளச் செய்வது முறை. 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 ஆகிய பொது டி.என்.எஸ். முகவரிகள் இதற்கு எங்கும் எடுத்தாளப்படுகின்றன. நிலையத்தின் செய்திகள் யாவும் ஒரே தலைமையகக் கணினிக்குச் செல்வனவாயின், அதன் முகவரியையும் சேர்க்கத் தோன்றும். அது பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்படும் நாட்களையும் எண்ணிப் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும்.

இதனுள் மறைந்துள்ள பொறி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் இணைப்பைச் சோதிக்கும் கூப்பாடு முதல் இணைப்பின் வழியே மட்டும் செல்லுதல் வேண்டும். அவ்வாறன்றி மாற்று வழியிற் சென்று விடை பெற்றால், செயலற்ற இணைப்பு நலமாக உள்ளது என்று ரூட்டர் ஏமாறும். இதற்காகச் சில ரூட்டர்கள் சோதனை முகவரியை முதல் இணைப்புடன் நிலையாகப் பிணைத்துவிடுகின்றன. 8.8.8.8 அவ்வாறு பிணைக்கப்பட்டு, நிலையத்துக் கணினிகளும் டி.என்.எஸ்ஸுக்கு அதே முகவரியை மட்டுமே நம்பியிருந்தால் என்னாகும்? முதல் இணைப்பு அறுந்து, ரூட்டர் சரியாகவே மாற்றுக்கு மாறும். ஆனால் பெயர் கேட்கும் பொதிகள் மட்டும் அறுந்த வழியிலேயே செல்லும். இணைப்பு இருந்தும் ஒரு பக்கமும் திறவாது. ஆதலால் இத்தகைய ரூட்டர்களில் சோதனைக்கு ஒரு முகவரியும் டி.என்.எஸ்ஸுக்கு வேறொரு முகவரியும் வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை விநாடிக்கு ஒரு முறை கூப்பிடுவது, எத்தனை முறை தவறினால் கைவிடுவது என்பவற்றைச் சிறு கணக்கு ஒன்றால் முடிவு செய்யலாம். 5 விநாடிக்கு ஒரு கூப்பாடு. விடைக்கு 2 விநாடி காத்தல். தொடர்ந்து 3 தவறினால் கைவிடல் என்று வைப்போம். ஒரு கூப்பாடு எழுவதற்குச் சற்று முன்பு இழை அறுந்தால், மூன்றாவது கூப்பாடு 10-ஆவது விநாடியில் எழும்; அது தவறியது 12-ஆவது விநாடியில் தெரியவரும். ஒரு விடை வந்த உடனே இழை அறுந்தாலோ இது 17 விநாடி வரை நீளும். ஆக, 12 முதல் 17 விநாடிக்குள் ரூட்டர் மாறிவிடும். மழையளவு அனுப்புவதற்கு இத்தாமதம் ஒரு பொருட்டன்று. இதனை 2 விநாடிக்குக் குறைக்க முயல்வோர், சிறு நெரிசலுக்கெல்லாம் ரூட்டர் இங்குமங்கும் தாவுவதைக் காண்பர். ஒவ்வொரு தாவலிலும் நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றம் முறியும். அதே காரணத்தால், முதல் இணைப்பு மீண்டதாகக் கொள்ள 3 விடை போதாது. தொடர்ந்து 10 விடையேனும் வரவேண்டும் என்று வைத்தல் நலம். அறுந்த இழையை ஒட்டவைக்கும் பணியாளர் அதனைப் பலமுறை சேர்த்துப் பிரிப்பார் என்பதை நினைவிற்கொள்க.

மாற்று இணைப்பையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அத்துணை விரைவாக அன்று. பிங் பொதி ஒன்று பொதுவாக 84 பைட், விடையும் அவ்வளவே. 5 விநாடிக்கு ஒன்றெனில் ஒரு நாளில் 17,280 கூப்பாடுகள். அவற்றுக்கு ஏறத்தாழ 2.9 மெகாபைட் செலவாகும். ஒரு மாதத்தில் இது 87 மெகாபைட். 60 விநாடிக்கு ஒன்று என்று தளர்த்தினால் நாளொன்றுக்குக் கால் மெகாபைட்டுக்கும் குறைவே.

செயற்கைக்கோள் இணைப்புக்குத் தனி விதி உண்டு. புவிநிலைக் கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே சென்று கீழே வரவும், விடை அவ்வாறே மேலே சென்று கீழே வரவும் ஒளியின் வேகத்திலேயே ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது. கருவிகளின் தாமதமும் சேர்ந்தால் இன்னும் கூடும். விடைக்கு 300 மில்லிவிநாடிக்கு மேல் ஆனால் இணைப்பு கெட்டது என்று வைத்திருக்கும் ரூட்டர், இவ்விணைப்பை ஒருநாளும் நலமானதாக ஏற்காது. இங்கே காத்திருக்கும் நேரம் 2 விநாடியேனும் இருத்தல் வேண்டும்.

மாறிய பிறகு

மாற்று இணைப்புக்கு மாறும்போது நிலையத்தின் புற முகவரியும் மாறிவிடுகிறது. பழைய முகவரியின் பெயரில் நடந்துகொண்டிருந்த பரிமாற்றங்கள் முறிந்து மறுபடியும் தொடங்க வேண்டியிருக்கும். வங்கிப் பக்கத்திலும் தேர்வுப் பதிவுப் பக்கத்திலும் மீண்டும் உள்நுழைய நேரிடலாம். இது குறையன்று, இம்முறையின் இயல்பு.

இதைக் காட்டிலும் பெரிதான ஒன்று: செல்பேசி நிறுவனங்கள் பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னே வைக்கின்றன. மோடம் பெற்ற முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியிலோ 10 என்று தொடங்கும் தொகுதியிலோ இருப்பின் அவ்வாறே என அறியலாம். அந்நிலையில் உள்ளிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து எவரும் உள்ளே கூப்பிட இயலாது. தலைமையகக் கணினி நிலையத்துப் பதிவுக் கருவியைக் கூப்பிட்டு அளவுகளை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு முதல் இணைப்பில் நன்கு நடந்திருக்கும். மாற்று இணைப்பில் அது முற்றிலும் நின்றுவிடும். பதிவுக் கருவி தானே தலைமையகத்தைக் கூப்பிட்டு அனுப்புமாறு அமைப்பதே இதற்குத் தீர்வு. அது இயலாதெனில், நிலையத்திலிருந்து தலைமையகத்திற்கு வி.பி.என். இணைப்பு ஒன்றை ரூட்டரே எழுப்பிக்கொள்ளச் செய்யலாம்.

செலவையும் கட்டுப்படுத்த வேண்டும். விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் கண்காணிப்புக் காமிரா ஒன்று மணிக்கு 900 மெகாபைட் விழுங்கும். நாளொன்றுக்கு 2 கிகாபைட் மட்டுமே உள்ள சிம் இரண்டரை மணி நேரத்திற்குள் வற்றிவிடும்; மழையளவுக்கு வேண்டிய சில கிலோபைட்டுக்கும் வழியிராது. காமிரா, கணினிகளின் மென்பொருட் புதுப்பிப்பு ஆகியவை மாற்று இணைப்பின் வழியே செல்லாதவாறு ரூட்டரில் விதி எழுதிவைக்கலாம்.

சோதித்துப் பார்க்கும் முறை

அமைப்பு முடிந்ததும் நான்கு சோதனைகள் செய்யப்பட வேண்டும். முதலாவது, ரூட்டருக்கும் மோடத்திற்கும் இடையேயுள்ள கம்பியைப் பிடுங்குதல். இது எளியது, இதில் தவறும் ரூட்டர் அரிது. இரண்டாவதே முக்கியமானது. கம்பியைத் தொடாமல், ஃபைபர் மோடத்தின் பின்புறத்தில் நுழையும் ஒளியிழையைக் கழற்ற வேண்டும். அதன் முனை பெரும்பாலும் பச்சை நிறப் பிடியுடன் இருக்கும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தலாகாது; அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியாயினும் விழிக்குத் தீங்கு தரக்கூடியது. முனையில் விரல் படாமலும் தூசி படாமலும் மூடியிட்டு வைக்க வேண்டும்; இழையைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. இப்போது ரூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் மாற்று இணைப்பு ஏற்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை. மூன்றாவது, இழையை மீண்டும் செருகி, ரூட்டர் தானாகவே முதல் இணைப்புக்குத் திரும்புகிறதா என்று பார்த்தல். நான்காவது, இழை கழன்ற நிலையிலேயே மின்சாரத்தை முழுதும் நிறுத்தி மீண்டும் கொடுத்தல். முதல் இணைப்பே இல்லாத நிலையில் எழும்பும்போது தடுமாறும் ரூட்டர்கள் உள.

எந்த இணைப்பு இயங்குகிறது என்பதை ரூட்டரின் நிலைப் பக்கம் காட்டும். கணினியில் டிரேஸ்ரூட் கட்டளையை இட்டுப் பார்ப்பது அதைவிட நம்பத்தக்கது. பொதி கடந்து செல்லும் கருவிகளின் வரிசையை அது காட்டும், வழி மாறினால் வரிசையும் மாறும்.

பள்ளியில் இந்த இரண்டாவது சோதனையை ஆசிரியர் மாணவர் முன் நிகழ்த்திக் காட்டலாம். ஒரு மாணவர் பிங் கட்டளையை இடையறாது ஓடவிடட்டும். மற்றொருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். முன்னரே கணக்கிட்டு வைத்த 12 முதல் 17 விநாடிகளுக்குள் விடை திரும்புகிறதா என்று ஒப்பிடலாம். விண்டோஸ் கணினி விடை வராத ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஏறத்தாழ 4 விநாடி காத்திருப்பதால், தவறிய கூப்பாடுகளின் எண்ணிக்கையையே விநாடிகளாகக் கொள்ளக் கூடாது, கடிகாரமே அளவு. சில ரூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும் பிங் பழைய வழியையே பற்றிக்கொண்டு விடையின்றி நிற்பதும் உண்டு. அதனை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால் புதிய வழியில் விடை வரும். அப்படி நேரின் சோதனை தோல்வியுற்றதாகக் கருத வேண்டுவதில்லை. முன்பு கூறிய, நடந்துகொண்டிருக்கும் பரிமாற்றம் முறியும் என்னும் இயல்பையே மாணவர் கண்ணாரக் காண்கின்றனர்.

சோதனை முடிந்ததும் அமைப்புகளை ரூட்டரிலிருந்து கோப்பாக எடுத்து வேறொரு கணினியிற் சேமிக்க வேண்டும். பயனர் பெயர், வி.லான் எண், மூன்று பக்கங்களின் முகவரிகள், சிம்மின் எண், அதன் சந்தா முடியும் நாள் ஆகியவற்றைத் தாளிலும் எழுதி ரூட்டருக்கு அருகே வைப்பது நல்லது. கடவுச் சொற்களை மட்டும் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். இணைப்பு இல்லாத வேளையில் மின்னஞ்சலிலுள்ள குறிப்பைத் திறந்து பார்க்க முடியாது. இரண்டாவது சோதனையை மாதத்திற்கு ஒரு முறையும், கடற்கரை மாவட்டங்களில் அக்டோபர் மாதத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு ஒரு முறையும் செய்து, இழை கழற்றிய நேரம், மாற்று ஏற்ற நேரம், முதல் இணைப்பு திரும்பிய நேரம் ஆகிய மூன்றையும் நிலையக் குறிப்பேட்டில் மழையளவுக்குப் பக்கத்திலேயே பதிந்து வரலாம்.